உறை பிரிக்காத நாலாவது ஆட்டக்காரன்

காலை ஆறு மணிக்கு ஜெசிந்தா தன் அணியை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆன கமாலுதீன் வழக்கம்போல ஒரு தும்மல் போட்டார். அவரோடு ஒரே விபத்தில் இறந்த சிவபாக்கியம், "இன்னிக்காவது ஏதாவது தேறுமா கேப்டன்?" என்று கேட்டாள்.

"தேறும் தேறும்" என்றாள் ஜெசிந்தா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சீரிஸ் குறுங்கோள் குடியிருப்பில் இதைக் கேட்டு யாரும் மூக்கில் விரல் வைக்க மாட்டார்கள். கோட்டைச்சீட்டு ஆடும் பெரிய கைகளை உயிரட்டையில் பதிந்து வைப்பது அங்கே வழக்கம். தலையில் கவசத்தை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார வேண்டும். ஆளின் ஆட்டம், பேச்சு, குசும்பு எல்லாம் உள்ளங்கையளவு இழையட்டையில் இறங்கிவிடும். ஆட்டமேசையின் பள்ளத்தில் பொருத்தினால் அட்டை பேசும், ஆடும். ஓர் அணிக்கு நாலு பேர் வேண்டும் என்பது சீட்டாட்டச் சம்மேளனத்தின் விதி. அந்த நாலு பேர் உயிரோடு இருந்தே தீர வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

ஜெசிந்தாவின் அணிக்குப் பெயர் 'பனிக்குழாய் நால்வர்'. பனியை உருக்கித் தண்ணீராக்கும் ஆலையின் கேன்டீனில், சாம்பார் கறை படிந்த சீட்டுகளோடு தொடங்கிய அணி அது. ஆறு முறை கோள்களிடைக் கோப்பையை அள்ளிக்கொண்டு வந்தபோது ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஏழாவது கோப்பைக்குப் போன கப்பலில் காற்று கசிந்தது. காய்ச்சலில் படுத்திருந்த ஜெசிந்தா மட்டும் மிச்சம். விபத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே நாலு பேரையும் பதிந்திருந்தார்கள்; மற்ற மூவரின் அட்டைகளோடு அவள் அப்போதிருந்தே தினமும் பயிற்சி ஆடிவந்தாள். விபத்துக்குப் பிறகு அவற்றையே கூட்டிக்கொண்டு அவள் விடாமல் ஆடினாள். அட்டைக்குப் புது வித்தை ஏறாதே! பத்தொன்பது ஆண்டும் கடைசி இடம்தான். போகட்டும், தோற்றுவிட்டு வீடு திரும்பும் வழியில் சண்டை போட ஆள் இருந்தது, அது போதும் அவளுக்கு.

போன மாதம் மேசையில் மின்கசிவு. நாலாவது ஆட்டக்காரனின் அட்டை கருகிப்போனது. அதில் இருந்தவன் அவள் தம்பி மரியநேசன்.

ஆள் குறைந்த அணிக்கு ஒரு மாதம்தான் கெடு. அதற்குள் நாலாவது ஆள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் இல்லாத அணியின் மேசைக்கு மின்சாரம் வராது. கமாலுதீனும் சிவபாக்கியமும் அத்தோடு போய்விடுவார்கள். கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

நேசனின் அட்டைக்கு நூறு படி போட்டு விற்றுவிட்டு அட்டைக் கம்பெனிக்காரன் கடையைக் கட்டியிருந்தான். நூறும் ரசிகர்களிடம் பத்திரமாக இருந்தன, உறை பிரிக்காமல். தொண்ணூற்றொன்பது பேரிடம் ஜெசிந்தா கெஞ்சிவிட்டாள். "உசிரைக் கேளுங்க, தரேன். உறையைப் பிரிக்கச் சொல்லாதீங்க" என்றான் ஒருவன். தானும் ஆட மாட்டார்கள், ஆடுகிறவளுக்கும் தர மாட்டார்கள். பூமியில் டி.வி. ரிமோட்டின் மேலுறையையும் புதுக் கார் சீட்டின் பிளாஸ்டிக்கையும் தானாகக் கிழிகிறவரை கழற்றாத மூதாதையரின் ரத்தம் அல்லவா, எங்கே போகும்?

நூறாவது ஆள் சங்கரநயினார், ரசிகர் மன்றத் தலைவர். மேசையை மடித்துத் தூக்கிக்கொண்டு நாலு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நேசன் இருந்தான், சின்ன விளக்கு வெளிச்சத்தில்.

"நயினார், என் தம்பியைக் குடுங்க. அஞ்சு மணிக்கு எங்க கதை முடிஞ்சுடும்."

நயினாருக்குக் கண் நிறைந்துவிட்டது. நடிப்பில்லை, மனுஷன் நிஜமாகவே அழுதார். "அநியாயம்க்கா. மன்றம் சார்பா கண்டனத் தீர்மானம் போட்டுடறோம்."

"தீர்மானத்தை வச்சு நான் என்னய்யா செய்ய? உறையைப் பிரிங்க."

"இருபத்தோரு வருஷமா ஒரு விரல் ரேகை படலக்கா. என் பொண்ணைக்கூடத் தொட விட்டதில்ல."

ஜெசிந்தா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். அவளுடைய சொந்த அட்டை. முதல் படி. தான் கண்மூடிய பிறகு மேசையில் மற்றவர்களோடு போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அவள் பிரிக்காமல் வைத்திருந்தது. "மாத்திக்குவோம். இதை வச்சுக்கிட்டு அவனைக் குடுங்க."

முதல் படி! நயினார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பிறகு சட்டத்தைக் கழற்றி, மெல்லிய கத்தியால் பசையோரமாக நேசனின் உறையைத் திறந்தார். ஜெசிந்தா மேசையை விரித்து அட்டையைப் பொருத்தினாள்.

சத்தமே இல்லை.

"நேசா, டேய்! அக்காடா."

மேசை 'வெற்றட்டை' என்று காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி பொருத்தினாள். மறுபடியும் வெற்றட்டை.

நயினார் உறையைத் திருப்பினார். இருபத்தோரு ஆண்டுகளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'உயிரிழை வாடாமலிருக்க மாதம் ஒருமுறையேனும் மேசையில் வைத்து ஆடவும்.'

அன்றாடம் ஆடிய ஜெசிந்தாவுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஆடாதவர்கள் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியானால் நூறு நேசனும் முதல் ஆண்டிலேயே செத்திருக்கிறார்கள். அவள் பார்வை நயினாரின் மடியில் இருந்த தன் உறைமேல் போனது. வயிற்றில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்னையும் நானே கொன்னுட்டேனே!"

"நேசன் வந்துட்டானா கேப்டன்?" என்று மேசையிலிருந்து சிவபாக்கியம் கேட்டாள்.

"வந்துட்டான் பாக்கியம்."

"பின்ன ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்?" என்றார் கமாலுதீன். "அவன் இப்படிச் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. டேய் நேசா, எங்களை—"

மணி ஐந்து. மேசை அணைந்தது.

ஜெசிந்தா அதன்மேல் கவிழ்ந்து அழுதாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. நிமிர்ந்தபோது நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெற்றட்டையை உறைக்குள் செருகிப் பசை தடவி, விரல் படாமல் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தார். சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டினார். பக்கத்தில் அவளுடைய அட்டைக்கும் இடம் ஒதுக்கினார். பிறகு விளக்கைப் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"மனசைத் தேத்திக்குங்கக்கா" என்றார். "பாருங்க, பிரிச்சதே தெரியல."