முகூர்த்த நாளில் ஏறும் கோடு

"முன்வரிசையில ரெண்டு சீட்டும் காலியாத்தானே கீது?"

மழையில் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே பூங்கொடி கேட்டாள்.

"ஆளு வராங்க மேடம்." கவுன்ட்டர்க்காரன் நிமிரவில்லை.

"யாரு?"

"தெரியாது."

"யாருன்னே தெரியாதவங்களுக்கா சீட்டு புடிச்சு வச்சிருக்கீங்க?"

இப்போது நிமிர்ந்தான். அகலமான கண்கள். உள்ளே யாரோ சிரித்துக்கொண்டிருப்பது போல... பூங்கொடி அடுத்துக் கேட்க நினைத்ததை ஒரு கணம் மறந்தாள்.

முட்டுக்காட்டுக் காயலில் அது ஒரு தனியார் படகு கிளப். அதன் டிக்கெட் சைட் சில நாட்கள் மட்டும் திணறும். போனில் புக் செய்கிறவர்களுக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏன் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கேளம்பாக்கம் ஆபீஸில் உட்கார்ந்து சர்வரைத் துருவினாள். மெமரி சரியாக இருந்தது. கூட்டமும் அதிகமில்லை. ஆனால் சில நாட்களில் திரையில் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு மலைபோல் ஏறியது. எதனால்? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். படகு ஏற வருகிறவர்கள் பக்கமிருந்து பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது.

அவள் போனில் இப்போதும் வட்டம் சுற்றியது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கம்ப்யூட்டர். முன்வரிசையின் இரண்டு கட்டங்கள் மஞ்சளாக இருந்தன. அவன் விரல் மவுஸின் மேல்... அழுத்தாமல்.

ஐயோ!

வாசலில் ஒருவன் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றால் பின்னால் வரிசை நின்றுவிடும். இவன் அந்த இரண்டு சீட்டையும் தொட்டுவிட்டு, முடிக்காமல் வைத்திருக்கிறான். அந்தப் படகுக்கு டிக்கெட் கேட்ட அத்தனை பேரும் சர்வருக்குள் இவன் பின்னால் நிற்கிறார்கள்.

"நீங்கதானா அது?"

"இன்னா மேடம்?"

"ஒரு வாரமா உங்களத்தான் தேடிக்கினு இருக்கேன்!"

வரிசையில் நின்ற பெரியவர் இருமினார். அவன் வெட்கத்தோடு காதைச் சொறிந்தான்.

அப்போது மழைக்குள்ளிருந்து இருவர் ஓடி வந்தார்கள். கழுத்தில் மாலை. மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"அண்ணே, போட்டு போயிடுச்சா?"

"உங்களுக்குத்தான் நிக்குது. ஏறுங்க, ஏறுங்க."

அவன் மவுஸை அழுத்தினான். பூங்கொடியின் போனில் வட்டம் நின்றது.

"இவங்க வருவாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் காட்டினான்.

"இன்னிக்கி முகூர்த்தம் மேடம். திருப்போரூர் கோயில்ல தாலி கட்டினு நேரா இங்க வர்றவங்க இருப்பாங்க. ஆன்லைன்லாம் அவங்களுக்குத் தெரியாது. பஸ்ஸு நின்னு நின்னு வரும். வந்து பாத்தா போட்டு ஃபுல்லு... கல்யாணத்தன்னிக்கே மூஞ்சி தொங்கிப் போச்சின்னா நல்லாவா கீது?"

அவள் போனில் சிவப்பு நாட்களைத் திறந்தாள். காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் முகூர்த்த நாள். இதே தேதிகளை அம்மா செங்கல்பட்டிலிருந்து தினமும் போனில் ஒப்பித்தாள். பூங்கொடிதான் காதில் வாங்கவில்லை.

"நான் பூங்கொடி. உங்க பேரு?"

"சடையப்பன்."

"ஐயே... அறுபது வயசுக்காரர் பேரு!"

"அறுபது வயசுல செட்டாயிடும் மேடம்."

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

"இத நான் எழுதியாகணுமே..."

"எழுதுங்க. நான் செஞ்சதுதானே."

எழுதினாள். அவன் பெயரை எழுதவில்லை. தவறு சாஃப்ட்வேரில் இருக்கிறது, பிடித்து வைத்த சீட்டு கொஞ்ச நேரத்தில் தானாக விடுபட வேண்டும் என்று எழுதினாள். கவுன்ட்டரில் பிடித்திருந்தார்கள் என்பதை எழுதாமல் முடியவில்லை. கிளப்பில் இருப்பது ஒரு கவுன்ட்டர். அதில் உட்காருகிறவனும் ஒருவன். மேலாளர் செல்வராஜுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் போனபோது சடையப்பன் படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பெல்ட்ட இறுக்கிக் கட்டுங்க மேடம்."

"நான் உங்க பேர..."

"பரவால்ல மேடம். உங்க வேல அது."

மேடம்... அன்று மழையில் இனித்த சொல். இன்று உப்புக் கரித்தது. கேட்டால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. கெஞ்சிக்கொண்டு நிற்க அவளுக்கு என்ன தலையெழுத்து? ஜாக்கெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். படகில் ஏறாமல் நேராகச் செல்வராஜின் அறைக்குள் போனாள்.

ஐப்பசி முடியும் நேரம். ஆபீஸ் திரையில் கோடு சமதரையாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அவளுக்கு மட்டும் அந்தச் சிவப்பு மலை வேண்டும்போல் இருந்தது... அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்கி முகூர்த்தந்தானேம்மா?"

"ஆமாண்டி... நீயா கேக்கற?"

"வேல விஷயம்மா!"

காயலில் தூறல். கவுன்ட்டரில் சடையப்பன் இருந்தான்.

"செல்வராஜ் சார் எல்லாம் சொன்னாரு" என்றான். "முகூர்த்த நாள்ல முன்வரிசை ரெண்டு சீட்டு ஆன்லைன்ல வராது, கவுன்ட்டர்லதான்னு மாத்திக் குடுத்தீங்களாமே. யாரு வருவாங்கன்னு தெரிஞ்ச ஆளுதான் அங்க ஒக்காரணும்னு சண்ட வேற போட்டீங்களாம். என் பேர நீங்க எழுதவே இல்லியாம். அத அன்னிக்கி ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கோவத்துல இருந்தேன்."

"நானுந்தான்."

படகு ஹாரன் அடித்தது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். மாலை போட்டவர்கள் யாரும் வரவில்லை.

"கடைசி போட்டு. சீட்டு சும்மா போவுது" என்றான்.

"அப்ப எனக்கு ஒண்ணு குடுங்க."

"தனியா வராது. ரெண்டாத்தான் கீது."

"சும்மா கத வுடாதீங்க. அப்பிடி எதுவும் நாங்க வைக்கலியே!"

"சர்வருக்குத் தெரியாது. இது என் ரூலு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அந்த அகலமான கண்கள் அவளை விட்டு நகரவில்லை.

"பூங்கொடி..." மேடம் இல்லை. "ஒரு வாரமா என்னத் தேடிக்கினு இருக்கேன்னு சொன்னீங்க பாரு... அன்னிலேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கினு கீறேன். கோவமா இருந்தப்பவும் பாத்தேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

தூறல் தகரத்தில் தட்டியது. அவள் கண்ணாடியின் சின்ன ஓட்டை வழியே கையை நீட்டினாள்.

"எனக்கும்... ஆனா மாலை இல்லியே. சீட்டு தருவீங்களா?"

"மாலைய அப்புறமா வாங்கிக்கலாம்."

"எப்போ?"

அவன் காலண்டர் பக்கம் திரும்பினான்.

"அது எதுக்கு?" என்றாள். "எங்கம்மாவக் கேளுங்க. தேதியெல்லாம் மனப்பாடம்."

அவன் இரண்டு கட்டங்களைத் தொட்டான். உடனே அழுத்தினான். இந்த முறை யாரையும் காக்க வைக்கவில்லை.