நீல விளக்கு எரிவதற்கு முன்

"கையை எடுங்க. அது என் பக்கம்."

"ரெண்டு பேருக்கும் நடுவுலதானே இருக்கு..."

"நடுவுல இருக்கிறதெல்லாம் பொதுச் சொத்தா?"

பக்கத்து இருக்கைக்காரன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சிரிக்கிறானா என்ன? திரையில் ஓடிய விளம்பர வெளிச்சத்தில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன... மழைக்கு முந்தைய வானம் மாதிரி, எந்த நேரமும் கொட்டிவிடத் தயாரான கண்கள். 'இந்த மாதிரி கண்ணை நம்பித்தான் பாதி உலகம் ஏமாறுது' என்று எண்ணியபடி அவள் தன் பையைத் தூக்கிக் கைப்பிடியின் மேல், எல்லைச் சுவர் போல நிறுத்தினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி அவள். எரிந்த கடை, மோதிய கார், காணாமல் போன நகை என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையில் ஓட்டை தேடுவதுதான் வேலை. அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர். அவளிடம் ஒரு கணக்கு உண்டு. பொய் சொல்கிறவன் தங்குதடையில்லாமல் பேசுவான், வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பான். நிஜமாகவே கடை எரிந்தவனுக்கு நாக்குக் குழறும்.

அந்தக் கணக்கை ஒரே ஒருவனிடம் போட்டுப் பார்க்கத் தவறிவிட்டாள். நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்தவன்... தேன் ஒழுகப் பேசினான். வேறு ஊரில் அவனுக்கு மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணன் கொண்டுவந்த வரன்களில் எல்லாம் அவள் ஓட்டை கண்டுபிடித்தாள். அண்ணன் கோபித்துக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

இன்றைக்கு அண்ணிதான் 'விண்வாசல்' இரண்டாம் பாகத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். தியேட்டர் வாசலில், "தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது, நீ பாரும்மா" என்று கிளம்பிவிட்டாள். சற்று நேரத்தில் அதே இருக்கையில் இவன்!

"உண்மையைச் சொல்லுங்க. எங்க அண்ணிதானே உங்களை அனுப்பிச்சாங்க?"

"எந்த அண்ணி?"

"நடிக்காதீங்க. மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு இது ஒரு புது வழி, அவ்வளவுதானே?"

"ஐயையோ! கவுண்டர்ல ஒரு அம்மா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. ஹவுஸ்ஃபுல்லாச்சே, நான் வாங்கிக்கிட்டேன். பச்சைக் குடை, நெத்தியில தைலம்... அவங்களா உங்க அண்ணி?"

குடையும் சரி, தைலமும் சரி. ஆனால் இத்தனை சரியாக ஒருவன் பதில் சொன்னால் அதுவே சந்தேகம்தானே...

படம் தொடங்கியது. விண்கலத்தை ஓட்டும் சின்னப் பெண்ணும், அவளோடு சுற்றும் தும்பி என்கிற இரும்பு இயந்திரமும் திரைக்கு வந்தார்கள். தும்பிக்கு வாய் கிடையாது. நெற்றியில் ஒரு நீல விளக்கு, அது எரிந்தால் பேசும். முதல் பாகத்திலிருந்தே அந்தக் குரல் என்றால் அவளுக்கு உயிர்.

அப்போதுதான் கவனித்தாள். விளக்கு எரிவதற்கு ஒரு நொடி முன்பு, பக்கத்தில் இருப்பவன் மூச்சை இழுத்தான். அவன் உதடு அசைந்தது. அதன் பிறகுதான் தும்பி பேசியது. மறுபடியும் மூச்சு... உதடு... தும்பி.

'திருட்டுப் பிரதி! எங்கேயோ முன்னாலேயே பார்த்திருக்கான்!'

ஆனால் வில்லனின் கப்பல் திடீரென்று வெடித்தபோது அவன் இருக்கையிலிருந்து துள்ளினான். வசனம் தெரிகிறது, கதை தெரியவில்லை. இது என்ன விதமான பொய்?

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் படத்தை நீங்க பார்த்தாச்சு."

"சத்தியமா இல்லைங்க. இப்பதான் முதல் தடவை."

"அப்புறம் தும்பி பேசறதெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரியுது?"

அவன் முகம் வெளிறியது. "அது... சொல்லக் கூடாது."

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. மேனேஜர் அறை எங்கன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லுங்க, வேண்டாங்கல. படம் முடிஞ்சதும் சொல்லுங்களேன்... தும்பிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவன் கெஞ்சியதில் ஒரு தவிப்பு இருந்தது. அவள் திரும்பிக்கொண்டு அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, நிஜத்தைச் சொல்லுங்க. என் பக்கத்துல ஆளை உட்கார வச்சது நீங்கதானே?"

"அடி போடி! இங்க தலையைத் தூக்க முடியல, இதுல ஆள் பிடிக்கப் போனேனாக்கும்... ஏண்டி, ஆள் எப்படி, பார்க்க லட்சணமா இருக்கானா?"

போனை வைத்துவிட்டாள். காது மட்டும் சூடாக இருந்தது.

மீண்டும் இருட்டு. கலம் உடைகிறது, சின்னப் பெண் தப்பிக்க வேண்டும், கதவு மூடிக்கொண்டே வருகிறது. தும்பி ஓடிவந்து கதவுக்கு இடையில் தன் உடம்பைக் கொடுத்தது. பக்கத்தில் மூச்சு இழுபட்டது. நீல விளக்கு எரிந்தது.

"நீ போ, கண்ணு. கதவை நான் பிடிச்சுக்கிறேன்."

திரையில் ஒரு குரல். இடது காதோரம் அதே குரல், மெல்ல, ஒட்டிப்பிறந்தது போல... அவளுக்குச் சிலிர்த்தது. விளக்கு மங்கி அணைந்தது. மறுபடி எரியவே இல்லை.

"செத்துப் போச்சா?" அவன் அவளிடம்தான் கேட்டான், குழந்தை மாதிரி.

"ம்..."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே..."

கொட்டியேவிட்டது, அவன் கண்ணிலிருந்த அந்த வானம். அவள் நடுவிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே நல்ல மழை. வாசல் கூரையின் கீழ் இருவரும் ஒதுங்கினார்கள்.

"தும்பி நீங்கதான்," என்றாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "குரல் மட்டும். படம் வெளியில கசியக் கூடாதுன்னு, குரல் பதியறப்போ எங்களுக்குத் திரை முழுக்கக் கறுப்படிச்சுத்தான் காட்டுவாங்க. ஓரத்துல அந்த விளக்கு மட்டும் ஒரு பொட்டாத் தெரியும். அது எரியறதுக்குள்ள மூச்சு எடுத்துடணும். யார்கிட்ட பேசறேன், எதுக்குப் பேசறேன், ஒண்ணும் தெரியாது. அந்தக் கடைசி வரிக்கு 'கொஞ்சம் களைப்பாச் சொல்லுங்க'ன்னாங்க. பேட்டரி தீர்ந்துபோச்சு போலன்னு நினைச்சேன்..."

"இதை எங்கிட்ட சொல்லலாமா?"

"கூடாது. யார் எந்தக் குரல்னு வெளியில சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடுத்த பாகம் எனக்கு இல்ல. அதுலயும் தும்பி வர்றான்னாங்க... எப்படியோ பிழைச்சு வர்றான் போல. இனி உங்க இஷ்டம்."

பிழைப்பையே ஒருவன் இப்படித் தன் கையில் கொடுப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஓட்டை தேடினாள். மழைதான் தெரிந்தது.

"என் நிச்சயம் முறிஞ்சப்போ," என்றாள் மழையைப் பார்த்தபடி, "ராத்திரி தூக்கம் வராது. முதல் பாகத்தைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருப்பேன். தும்பி பேச்சை மட்டும்தான் அப்ப நம்பினேன்."

அவன் மூச்சு எடுத்தான். தும்பி பேசியது, முழங்கும் அருவி போல, ஒரு பிசிறில்லாமல்:

"உன்னை மறுபடி பார்க்கணும், கண்ணு."

அவள் சட்டென்று ஓரடி பின்னால் போனாள். "வேண்டாம். இவ்வளவு அழகா வர்ற பேச்சைக் கேட்டு ஒரு தடவை பட்டது போதும். உங்க குரல்ல சொல்லுங்க."

"என் குரல்லயா?" அவன் திணறினான். "அது... வந்து... நீங்க அடுத்த... அதாவது, பையை நடுவுல வைக்காம இன்னொரு தரம்... எனக்கு உங்களை... உங்க சந்தேகத்தோட சேர்த்தே... ரொம்ப..."

முடிக்க முடியாமல் நின்றான். காதுமடல் சிவந்திருந்தது. "மன்னிச்சிடுங்க. நாக்குக் குழறுது."

"குழறட்டும்."

அவள் சிரித்தாள். பிறகு பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"எனக்கும்... நீங்க... வந்து..."

அலுவலகமே நடுங்கும் பூதக்கண்ணாடிக்கு, அடுத்த வார்த்தை வரவே இல்லை.