பதினோராவது சுற்று

காலை ஒன்பதே காலுக்கு முந்நூறு கம்பிகள் ஒரே நொடியில் அறுந்தன. எல்லாமே பதினோராவது சுற்றில்.

கோவையின் அந்த மோட்டார் ஆலையில் இது அதிசயமில்லை. அங்கே கம்பி சுற்றிய முந்நூறு பேருக்கும் ஒரே கைதான்: நாகமணியின் கை. கைப்பதிவி என்ற உறையை ஒரு கெட்டிக்காரக் கையில் மாட்டினால் அதன் பழக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். மற்றவர் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் அவர் நரம்பில் இறக்கிவிடும். மூன்று வருடம் கற்க வேண்டிய வேலை ஒரு மணி நேரமானது. உற்பத்தி நாலு மடங்கானது, மோட்டார் விலை பாதியானது, ஏழை விவசாயியின் கிணற்றிலும் மோட்டார் ஓடியது. பொய் சொல்வானேன், அற்புதமான கருவி!

ஆனால் இப்போது செம்புக் கம்பி போய், கரி இழையில் திரித்த கரிநூல் கம்பி வந்திருந்தது. எட்டு நாளில் அதைச் சுற்றிக் காட்டாவிட்டால் ஆலைக்குப் பூட்டு.

"வேற மாதிரி சுத்திப் பாருங்கக்கா," என்று கெஞ்சினார் மேலாளர் சென்னியப்பன்.

"பத்து வருசமா என்னையச் சுத்தி எல்லாப் பக்கமும் என்ற கையத்தானுங்க பாக்கறேன். வேற மாதிரின்னா எப்படின்னே தெரியலீங்க," என்றாள் நாகமணி. அவள் சுற்றியதும் பதினொன்றில் அறுந்தது.

அப்போது தேநீர் கொண்டுவந்தாள் தெய்வானை. இடதுகைக்காரி. கைப்பதிவி வலதுகைக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் மூன்று முறை வேலை கேட்டும் கேன்டீனைத் தாண்ட முடியாதவள். நாகமணி அவளையே பார்த்தாள்.

"இந்தப் புள்ளைய உக்கார வெய்யுங்க."

முதல் நாள் தெய்வானை உறையில்லாமல் வெறுங்கையால் சுற்றி நாற்பது கம்பியை அறுத்தாள். சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாகமணிக்கோ தாங்க முடியாத சந்தோஷம். "இது நாலுல அறுந்திருக்கு, இது இருபதுல! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரிங்க!" இருவரும் அறுந்த துண்டுகளை மேசையில் பரப்பி, ஏன் ஏன் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆறாம் நாள் தெய்வானை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, நாலு சுற்றுக்கு ஒருமுறை பிடியைத் தளர்த்திப் பார்த்தாள். கம்பி அறுபடாமல் நின்றது. நாகமணிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அழகான வேலை!

ஆலை பிழைத்தது. சென்னியப்பன் எந்தக் கைக்கும் பொருந்தும் புது உறையோடு ஓடிவந்தார். தெய்வானைக்குப் பெருமை பிடிபடவில்லை, கையை நீட்டினாள்.

"குடு அம்மிணி, நல்லதுதான்," என்றாள் நாகமணி. பிறகு சென்னியப்பனிடம் திரும்பி, "என்ற கையில மட்டும் அதை ஏத்த வேண்டாமுங்க," என்றாள்.

திங்கட்கிழமை முந்நூறு இடது கைகள் சுற்றின. தேநீர் கொடுத்த காலத்துப் பழக்கத்தில் நாலு சுற்றுக்கு ஒருமுறை தெய்வானை கட்டைவிரலை இடுப்பில் துடைப்பாள். முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் இடுப்பில் துடைத்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெல்லச் சுற்றிலும் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த மாதம் இன்னும் மெல்லிய கம்பி இறங்கியது. முந்நூறும் ஒன்பதாவது சுற்றில் அறுந்தன. தெய்வானையுடையதும் ஒன்பதில்தான்.

அவள் ஒரு சுருளை எடுத்துப் போய், தன் பழக்கம் ஏறாத நாகமணியின் முன் வைத்தாள்.

"நீங்க சுத்துங்கக்கா. உங்களுக்கு எங்க அறுந்துபோகுதுன்னு பாக்கணும்."