வேல்பாண்டி மாமா செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

காலைப் பலகாரம் முடிவதற்குள் யுவராணியின் குடும்பத்தில் மூன்று பேர் செத்துவிட்டார்கள்.

பதறாதீர்கள். செத்ததெல்லாம் லேப்டாப்புக்குள்தான். உத்தமபாளையம் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மதன்குமார் அதில் ஒரு கேம் வைத்திருந்தான். ஆறு வீரர்களை வைத்து ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துத் தாண்ட வேண்டும். நாம் ஒருமுறை நகர்த்தினால், எதிரி ஒருமுறை நகர்த்துவான். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் செத்தவர் செத்தவர்தான். தலைகீழாக நின்றாலும் திரும்பி வரமாட்டார்.

“எங்க காலேஜ்ல ஒருத்தன்கூட மூணாவது கோட்டையைத் தாண்டல. நீ ஆறாங்கிளாஸு. அழுதுருவ,” என்றான் மதன்.

“யாரு, நானா?”

வீரர்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னது கேம். யுவராணி யோசிக்கவே இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், எதிர்வீட்டு மாரீஸ்வரி அத்தை, அவர் கணவர் வேல்பாண்டி மாமா, கடைசியில் தன் பெயர் என்று சொந்தக்காரர்களையே களத்தில் இறக்கிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

“அண்ணே, நீ செத்துட்ட.”

“அடிப்பாவி! நான் இன்னும் இட்லிகூட முடிக்கல!”

“தொண்ணூத்தஞ்சு சதவீதம் படும்னு காட்டுச்சுண்ணே. அப்படியும் அம்பு தப்பிருச்சு!”

“அந்த அஞ்சு சதவீதம்தான் நம்மளக் கொல்லும்.”

அடுத்து அப்பா போனார். அவரைத் தேடிப் போன அம்மாவும் போனார். நிஜத்தில் அவர்கள் இருவரும் தேவாரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மிச்சம் மூன்று பேர். அத்தையை எதிரிகள் சுற்றி வளைத்தார்கள். மாமா ஒரு சுவருக்குப் பின்னால் பத்திரமாக நின்றிருந்தார். யுவராணி அவரை வெளியே அனுப்பினாள். எங்கிருந்தோ நாலு பேர் பாய்ந்தார்கள்.

“ஐயய்யோ! வேல்பாண்டி மாமா போயிட்டாகளே! சும்மா இருந்தவுகள நான்தானே அனுப்பி வச்சேன்!”

தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் ‘ணங்’கென்று விழுந்தது. யுவராணி அதைக் கவனிக்கவில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஒரே அழுகைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு அக்கம்மாள் பெரியம்மாவோடு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பந்தல்காரர் கடப்பாரையோடு குழி தோண்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப் பெத்த ஆத்தா! எப்படி ஆத்தா ஆச்சு? மலை ரோட்டுலயா?” என்று அக்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டார்.

“யாருக்குப் பெரியம்மா?”

“ஒன் மாமன் வேல்பாண்டிக்குத்தான்!”

யுவராணிக்குக் கை கால் ஓடவில்லை. மாமா விடிவதற்கு முன்பே வேனில் திராட்சை ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போயிருந்தார். அந்த மலையில்தான் எத்தனை வளைவுகள்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“யா… யாரு சொன்னாக?”

“நீதானடி சொன்ன!”

“நானா?”

விளங்குவதற்கு ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் போன உயிர் திரும்பி வந்தது.

“அது கேம் பெரியம்மா! மாமா கேம்ல செத்தாக!”

அந்த அழுகையில் யார் காதில் விழும்? ஒருவர் மாமாவுக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் போன் சொன்னது. மலையில் எப்போதும் அப்படித்தான். ஆனாலும் அழுகை இரண்டு மடங்கானது.

“பாவம், மாரீஸ்வரி! ஏழு மாசப் புள்ளத்தாச்சி. கூட்டியாரதுக்கு நம்ம தெரு ஒச்சாண்டி இப்பத்தான் பைக்குல போறான்,” என்றார் அக்கம்மாள்.

இப்போதுதான் யுவராணிக்கு நிஜமான பயம் பிடித்தது. அத்தை திராட்சைத் தோட்டத்தில் இருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர். மேலே பல்லி விழுந்தாலே படபடத்துப் போகிறவர். இந்தச் செய்தியைக் கேட்டால் என்ன ஆவார்?

மதன் அவசரமாகச் செருப்பை மாட்டினான். “வா, ரெண்டு பேரும் ஓடுவோம்!”

ஓர் அடி எடுத்து வைத்த யுவராணி நின்றாள். காலையிலிருந்து கேமில் அவள் செய்த தப்பு இதுதான். எல்லாரையும் ஒரே பக்கம் ஓடவிட்டாள். வரிசையாகச் செத்தார்கள்.

“அண்ணே, நீ இங்கனயே நில்லு. அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லு. லேப்டாப்பைக் கொண்டாந்து இவுகளுக்குக் காட்டு. பைக்கு பாலத்தைச் சுத்தித்தான் போகணும். நான் சைக்கிள்ல வாய்க்கா கரை வழியா போயிடுறேன்.”

அண்ணன் வாயைப் பிளந்தான். அதற்குள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

திராட்சைக் கொடி நிழலில் உட்கார்ந்து அத்தை பழக் குலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளை விட்டு இறங்கிய யுவராணி ஓடவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தபடி நடந்து போனாள்.

“அத்தே, ஒரு கூத்தைக் கேளுங்க. நான் கேம்ல ஒரு ஆளுக்கு மாமா பேரை வச்சு, அந்த ஆளு செத்ததும் கத்திட்டேன். அக்கம்மா பெரியம்மா நெசம்னு நெனச்சுப் பந்தலுக்கே சொல்லிட்டாக!”

அத்தை திருதிருவென்று விழித்தார். “பந்தலுக்கா?”

“நாற்காலிகூட வந்திருச்சு அத்தே.”

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து, துண்டால் வாயைப் பொத்தியபடி ஒச்சாண்டி வந்து நின்றார்.

“தங்கச்சி… மனசைத் திடப்படுத்திக்க…”

“தெரியும்ணே! எங்க வீட்டுக்காரக செத்துட்டாக!” என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடியும் சிரித்தார்.

ஒச்சாண்டி அதிர்ச்சியில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு விளக்கிச் சொல்லி, மூவரும் வீட்டுக்கு வந்தபோது, நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வேல்பாண்டி மாமாவேதான்!

“யாரு வீட்டு விசேஷம்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?”

மதன் லேப்டாப்பைக் காட்டியும் நம்பாமலிருந்த அக்கம்மாள், ‘வீல்’ என்று அலறி அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

யுவராணி முன்னால் வந்தாள். “நான்தான் மாமா. கேம்ல ஒங்க பேரை வச்சுக் கத்திட்டேன். பெரியம்மாவ ஒண்ணும் சொல்லாதீக. தப்பு என் மேலதான்.”

மாமா மீசையைத் தடவினார்.

“அதெல்லாம் கெடக்கட்டும். நான் எப்படிச் செத்தேன்?”

“அத்தையைக் காப்பாத்தப் போனீக மாமா.”

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அத்தையைப் பார்த்தார். “கேட்டியா மாரீஸ்வரி?”

சாயங்காலம் புது ஆட்டம் தொடங்கியது. மாமாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். இந்த முறை யாருக்கும் ஆள் பெயர் கிடையாது. தக்காளி, வெண்டைக்காய், முருங்கைக்காய், கத்திரிக்காய் என்று காய்கறிகள்தான் போருக்குப் போயின. இரண்டு கோட்டைகளைத் தாண்டியாயிற்று. மூன்றாவது கோட்டையின் வாசலில் அந்தப் பாழாய்ப்போன அஞ்சு சதவீதம் மறுபடியும் வந்தது.

“ஐயய்யோ, கத்திரிக்கா போச்சே!” என்று யுவராணி கத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே குரல் வந்தது.

“அழுகாத ஆத்தா! இங்கன கூடை நெறையக் கெடக்கு, வந்து வாங்கிட்டுப் போ!”