அண்ணாச்சி சாய்வு

அன்று சிவகாசிப் பயிலரங்கின் தேர்வறையில் இருந்தவர்கள் நால்வர்: நாட்காட்டி ஓவியர் தங்கமாரியப்பன், அவர் மகள் ஜெயக்கொடி, அவர் தம்பி அரிராமன், தேர்வாளர் மெர்சி ரத்னா. கதவருகே நின்று பார்த்ததாகச் சொல்பவர்கள் யாரும் அங்கே இல்லை.

திரையில் கையறியின் தீர்ப்பு சிவப்பாக நின்றது: ‘சொந்தக் கோடு, நூற்றுக்கு மூன்று.’

கையறி ஒரு கோட்டின் அழுத்தம், வேகம், தயக்கம் ஆகியவற்றை அளந்து, அது யாருடைய கை என்று சொல்லிவிடும். திரையில் வரையப் பழகுகிறவர்கள் பயிலரங்குகளில் வழிகோலைப் பிடித்துத்தான் கற்றார்கள். தேர்ந்த ஓவியர் ஒருவரின் கைப்பதிவு அந்தக் கோலுக்குள்ளிருந்து விரல்களை இழுத்துச் செல்லும். முடிவில் வெறும் எழுதுகோலால் ஒரு தனித்திட்டம் வரைய வேண்டும். அதில் பாதியாவது சொந்தக் கோடு இல்லையென்றால் உரிமம் இல்லை. மூன்று முறை தவறினால் ஆயுள் தடை.

ஜெயக்கொடிக்கு இது மூன்றாவது முறை. மழைக்கு ஒதுங்கிய மனிதர்களை நாற்பது படங்களாக வரைந்திருந்தாள்.

“மிச்சம் தொண்ணூத்தேழும் உங்கப்பா கைதாம்மா,” என்றார் மெர்சி. “வழிகோலுக்குள்ள இருக்கிற கை, நாடே படிச்ச கை. நீயும் அதையே பிடிச்சிருக்க.”

“நான் வழிகோலத் தொட்டதே இல்ல மேடம்.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.”

அரிராமன் சீறினார். “அப்பன் கை மகளுக்கு வராம அடுத்த வீட்டுக்காரனுக்கா வரும்?”

“கையறிக்குச் சொந்தபந்தம் தெரியாது சார்.”

மேசைக்கடியில் ஜெயக்கொடியின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தங்கமாரியப்பன் எழுந்து சன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மகள் முதல் இரண்டு முறை தவறியபோதும் அவர் வாய் திறக்கவில்லை.

“அண்ணாச்சி, நீங்க ஒரு கோடு போடுங்க,” என்றார் மெர்சி. “உங்க கோடும் அவ கோடும் வேறன்னு தெரிஞ்சா மேல்முறையீட்டுக்கு எழுதுறேன். உங்க கோடு சாயுற அந்த அண்ணாச்சி சாய்வு எனக்கே இன்னும் சரியா வரல.” மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டைக் காட்டிச் சிரித்தார். “பழகிப் பழகி நரம்பு பிசகிப்போச்சு. பசங்களுக்கும் இதே கதைதான்.”

“அண்ணே, வேண்டாம்,” என்றார் அரிராமன். “வீட்டுப் பேரு இருக்கு.”

தங்கமாரியப்பன் மகளின் ஆடும் காலைப் பார்த்தார். பிறகு எழுதுகோலை வலக்கையில் எடுத்து ஒரு கோடு இழுத்தார். அது நடுங்கி நடுங்கிப் போனது.

‘பதிவில் இல்லாத கை’ என்றது கையறி.

மெர்சி அவருடைய வலக்கையைப் பார்த்தார். பிறகு ஜெயக்கொடியின் இடக்கையைப் பார்த்தார். அவளுடைய எழுதுகோல் அதில்தான் இருந்தது.

“அண்ணாச்சி… அந்தச் சாய்வு?”

“அது அவ கை. எட்டு வருசத்துக்கு முந்திப் பதிவெடுக்க வந்தாங்க. எனக்கு அப்பவே நடுக்கம். வந்தவங்ககிட்ட முடியலன்னு சொல்ற வழக்கம் எங்க வீட்டுல இல்ல. கதவச் சாத்திட்டு அவள வரைய விட்டோம். பதினஞ்சு வயசு. எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்.”

“அப்பா…” என்றாள் ஜெயக்கொடி.

“நீ சும்மா இரு.”

கையெழுத்துப் போட்டார். கைப்பதிவின் பெயர் அன்றே மாறியது. வலக்கைக்காரர்கள் அறுபதாயிரம் பேர் மணிக்கட்டு வீங்கப் பழகிய மேதைமை, ஒரு சிறுமியின் இடக்கைப் பழக்கம். மெர்சி தன் கட்டை மெல்ல அவிழ்த்தார்.

மகளுக்கு உரிமம் வாங்க அன்று அவர் பொய் சொன்னார் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். தவறு. பொய் சொன்னது எட்டு ஆண்டுகளுக்கு முன்பு.