எலுமிச்சம்பழ எடையில் ஒரு கயிறு

திருச்சி, 1957. வெள்ளிக்கிழமை பிற்பகல் 1.50.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த பஷீர் அகமது, பட்டை தீட்டும் கடையின் மாடி அறையைத் திறந்தார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே, கல்யாணக் கம்மலுக்கு வந்திருந்த பத்து வைரங்களைக் காணோம். பின்சந்துப் பக்க ஜன்னல் திறந்து கிடந்தது. ஜன்னல் கட்டையில் கட்டிய மெல்லிய வாழைநார்க் கயிறு தரைவரை தொங்கியது.

2.30. இன்ஸ்பெக்டர் கிளமென்ட் வந்தபோது ஏட்டு ஆளையே பிடித்து வைத்திருந்தார். சந்தில் படுத்திருந்த சுமைதூக்கி சுடலைமுத்து.

"குழாயைப் பிடிச்சு ஏறி, கயித்துல இறங்கியிருக்கான் சார். இந்த உடம்பால ஆகாததா?"

"தூங்கிட்டிருந்தேங்க" என்றான் சுடலைமுத்து.

வாசலில் நின்ற அவன் மனைவி பொன்னுத்தாய் கத்தினாள். "இது தூங்கினா இடி விழுந்தாலும் எந்திரிக்காது! இது போயி திருடுமா? உள்ள போட்டீங்கன்னா எம்புள்ளைங்க பட்டினிங்க!"

கிளமென்ட் கயிற்றை அவிழ்த்தார். முறுக்குக்குள் ஈரம் இருந்தது. ஊரில் ஒரு மாதமாக மழை இல்லை. சுருட்டி உள்ளங்கையில் வைத்தார். ஒரு எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லை. இதே எடை இரும்பை இதே நீளத்துக்கு இழுத்தால் கட்டுக்கம்பி அளவுதான் வரும்.

"இது ஒரு ஆளைத் தாங்குமா?" என்று முனகினார்.

கயிற்றில் பாதியை வெட்டி, பக்கத்து அரிசி மண்டி உத்தரத்தில் கட்டித் தராசுத் தட்டைத் தொங்கவிட்டார். படிக்கற்கள் ஏறின. ஐம்பது ராத்தல், அதாவது பவுண்டு. நூறு. கூடியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். நூற்று நாற்பதிலும் அந்த நார் நின்றது. கிளமென்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எவரோ பழத்தைத் தின்றுவிட்டு வெட்டிப்போட்ட மரத்தின் பட்டை இது! அடுத்த கல்லை வைத்ததும் பட்டென்று அறுந்தது.

"சுடலைமுத்துவை நிறுங்க."

நூற்றுத் தொண்ணூறு.

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பூட்டின அறையில கயிறு உள்பக்கம் கட்டியிருக்கு" என்றார் கிளமென்ட். "குழாயில ஏறத் தெரிஞ்சவன் குழாயிலயே இறங்கியிருப்பான், கயிறு எதுக்கு? இறங்கினவன் முன்னாடியே உள்ள இருந்திருக்கான். பாய், நீங்க பூட்டும்போது கடையில யாரு?"

"கணக்கர் அழகர்சாமி, பட்டை தீட்டுற ராமர். சாப்பிடப் போயிட்டாங்கன்னு நினைச்சுப் பூட்டினேங்க."

இரண்டு பேரும் ஒல்லி. ராமருக்கு விரலெல்லாம் வெள்ளைப் பொடி. எடமலைப்பட்டி புதூர்க்காரன். அழகர்சாமி ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். அவர் விரல் நுனிகளில் பச்சைக் கறை.

4.10. கடை மேஜையில் ஒரு கட்டு காய்ந்த நார். பக்கத்தில் டம்ளரில் குடிதண்ணீர்.

"ஆளுக்கு ஒரு முழம் கயிறு திரிச்சுக் காட்டுங்க."

ராமர் திரித்தான். நார் பிளந்து சிலும்பியது. "கல்லுன்னா சொல்லுங்க சார், வாழமட்டை எனக்கு ஆகாது." சுடலைமுத்துவின் கையில் இரண்டாம் முறுக்கிலேயே அறுந்தது.

அழகர்சாமி நாரை எடுத்தார். அவர் இடது கை தானாக டம்ளருக்குப் போனது. விரல்கள் தண்ணீரில் நனைந்தன.

"போதும்" என்றார் கிளமென்ட். "வீட்டுல பூக் கட்டுறீங்களா?"

அழகர்சாமி கையை இழுத்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"காய்ஞ்ச நார் முறுக்கினா பிளக்கும். நனைச்சா வளையும், சேர்ந்து பிடிக்கும். கயித்தை எல்லாரும் காய்ஞ்சதாத்தான் பார்ப்பாங்க. நாரைத் தொட்டதும் தண்ணியைத் தேடுறது பூக்கட்டுறவங்க கை. விரல்ல இருக்கறது மருக்கொழுந்துக் கறை. காலையில நனைச்சுத் திரிச்சதுதான் மத்தியானமும் உள்ள ஈரமா இருந்துச்சு. மாடி அறை பீரோ பின்னாடி ஒளிஞ்சு, நூறு ராத்தல் உடம்பை எலுமிச்சம்பழ எடைக் கயித்துல இறக்கிட்டீங்க. தொழுகை முடிஞ்சு ஆள் வர்ற சத்தம். கீழயிருந்து சுண்டி அவிழ்க்க நேரமில்லை. கல் எங்க?"

"பின்சந்து மாட்டுத் தொட்டியில. துணியில முடிஞ்சிருக்கேன்" என்றார் அழகர்சாமி, தலை நிமிராமல்.

ஏட்டு ஓடினார். பத்தும் இருந்தன.

சுடலைமுத்து மேஜையில் கிடந்த மீதிக் கயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இத்தனூண்டு நாரா சார் என்னைச் சிறைக்கு அனுப்பப் பார்த்துச்சு?"

"இல்லய்யா. உன்னை மட்டும் இதால தாங்க முடியல. அதனாலதான் நீ வீட்டுக்குப் போற."