பின் இருக்கையின் கனம்

பின் இருக்கையில் வார் போட்டுக் கட்டியிருந்த பெட்ரோல் டாங்க் காலியான பிறகும் விமானத்தின் வால் லேசாகவில்லை.

கோரா அதை முதலில் உள்ளங்கையில்தான் உணர்ந்தாள். பெட்டி பெட்டியாக வந்த தகடுகளை வைத்து அவளும் அவள் கணவன் டெல்லும் வீட்டுக் கார் கொட்டகையில் கட்டிய சின்ன விமானம் அது. முன்னால் ஒருவர் உட்காரலாம், பின்னால் ஒருவர். பின்னால் கனம் இருந்தால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அதை அடக்க இடது தொடைக்கு அருகே ஒரு சிறு சக்கரம் உண்டு. முன்னுக்கு உருட்டி வைத்தால் சமமாகப் பறக்கும். பின் டாங்க்கின் பெட்ரோல் எரிய எரிய, அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு உருட்டிக்கொண்டே வர வேண்டும். விடியலில் கலிபோர்னியாவின் சலினாஸ் விமானத் திடலிலிருந்து கிளம்பியவள் ஒரு தடவைகூட அப்படி உருட்டவில்லை. டாங்க் வற்றி, எஞ்சின் ஒரு முறை இருமி, இறக்கையிலிருக்கும் பெட்ரோலுக்குக் குழாயைத் திருப்பிய பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

கீழே பசிபிக் கடல் தெரியவில்லை. வெயிலில் காயப்போட்ட பஞ்சு மாதிரி மேகம் அடிவானம் வரை கிடந்தது. எதிரே, எங்கோ மிகத் தொலைவில், ஹவாயில் ஹிலோ. அங்கே அவள் மகள் ஜூனி கைக்குழந்தையுடன் காத்திருந்தாள். இடையில் இறங்க ஒரு சாண் நிலம் கிடையாது.

எதிர்க்காற்றாக இருக்கும் என்று கோரா நினைத்துக்கொண்டாள். காற்று வேகத்தைத்தான் குறைக்கும், வாலைக் கனக்க வைக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

இந்தப் பயணம் டெல் போட்ட திட்டம். பெட்ரோலைச் சிக்கனமாக எரிப்பதில் அவனுக்கு ஒரு வெறி. இறக்கையின் இடுக்குகளை டேப் ஒட்டி மூடுவான். காரைத் துடைக்காதவன் விமானத்துக்கு மெழுகு பூசித் தேய்ப்பான். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அது முனகும் வரை குறைத்து, முனகல் நிற்கும் அளவுக்கு மட்டும் கூட்டி, அதிலேயே பிடித்து நிறுத்துவான். எடை குறையக் குறைய வேகத்தையும் குறைத்தால் ஒரே சொட்டில் இன்னும் தூரம் போகலாம் என்பான். கணையத்தில் கட்டி வந்து உடம்பு உருகத் தொடங்கியபோதும் அவனுக்கு அதே பேச்சுதான்.

"நான் ஒரு பவுண்டு இளைச்சா உனக்கு ஒரு பவுண்டு பெட்ரோல். யார் புருஷன் இப்படி ஒத்துழைப்பான், சொல்லு?"

"வாயை மூடிட்டு சூப்பைக் குடி."

"குடிச்சா எடை ஏறிடும், கண்ணு."

அந்த டாங்க்கை அவன் படுக்கையில் கிடந்தபடியே வரைந்தான். நிரம்பினால் அது அவனுடைய கடைசி எடை இருக்கும். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அவனைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்த சமநிலை அப்படியே இருக்கட்டும் என்பது கணக்கு. அதனால்தான் அதை அவனுடைய இருக்கையில் வைத்து, அவனுடைய தோள் வாரையும் இடுப்பு வாரையும் போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டும்போது ஆரின்தான் கொக்கியை மாட்டினான். பக்கத்துக் கொட்டகையில் இருபது வருஷமாகத் தன் விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் சிநேகிதன். மாட்டிவிட்டு ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் நின்றான்.

"மிதவைப் படகை எடுத்துக்க கோரா."

"அது கனம்."

"நீயும்தான் கனம். உன்னை இறக்கி வச்சிட்டா அனுப்புறோம்?"

"டெல் இருந்தா இதை ஏத்த விடமாட்டான்."

"அவன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோட காம்பையே ஒடிச்சிட்டு ஏறுறவன். அவன் பேச்சையெல்லாம் கேட்டா…" ஆரின் பாதியில் நிறுத்தினான். பிறகு படகுப் பொதியை அவள் முழங்காலுக்குக் கீழே திணித்தான். "கால் மரத்துப்போகும். போகட்டும்."

இப்போது கால் மரத்துத்தான் போயிருந்தது.

காலை வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. விமானத்தின் நிழல் அவளுக்கு முன்னால் மேகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது; அதைச் சுற்றி ஒரு சின்ன வானவில் வளையம். மேகம் மேடு தட்டிய ஓரிடத்தில் நிழல் கிட்டே வந்தது. கண்ணாடிக் கூண்டும், கூண்டுக்குள் அவளுடைய தலையும் மையில் வரைந்ததுபோல் விழுந்தன. டாங்க் இருக்கையின் தோள் மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் தலைக்குப் பின்னால் இன்னொரு உருண்டை இருந்தது. சற்றே ஒருபக்கம் சாய்ந்து. தூங்குகிறவன் தலைபோல.

மேகம் தாழ்ந்தது. நிழல் மங்கிப் போயிற்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வார்கள் இறுக்கிய உடம்பு அவ்வளவு திரும்பாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சக்கரத்தை முன்னுக்கு இன்னும் கொஞ்சம் உருட்டினாள். உருட்ட வேண்டியிருந்தது.

பாதி வழி நெருங்கியது. அதற்கு முன் திரும்பினால் கலிபோர்னியாக் கரைக்குப் போய்விடலாம். தாண்டிவிட்டால் ஹிலோதான், வேறு எதற்கும் பெட்ரோல் பத்தாது. திரையில் மிச்ச பெட்ரோலின் இலக்கங்கள் ஒளிர்ந்தன. இந்தக் கனத்தோடு, இந்த வேகத்தில், ஹிலோவில் இறங்கும்போது இறக்கை டாங்க்கின் அடி ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். இனியாவது விமானம் லேசானால் போதும். லேசாகாவிட்டால் போதாது. திரும்புவதுதான் சரி. ஆரின் கேலி பேசுவான், பேசட்டும். விமானத்தைத் திருப்ப, கோரா கைப்பிடியை இடப்பக்கம் சாய்க்கப் போனாள்.

அப்போதுதான் பின்னால் தகட்டில் யாரோ தட்டினார்கள்.

ஒரு தட்டு.

தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணி அடிக்கும்போது தகட்டின் வெளியே டெல் நிற்பான், கையில் சுத்தித் துப்பாக்கி. உடம்பு சின்னதென்று கோரா உள்ளே ஊர்ந்து போய் ஆணியின் மறுமுனைக்கு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுப்பாள். காதடைப்பு போட்டிருப்பார்கள், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பேச்செல்லாம் தகட்டில் தட்டித்தான். ஒரு தட்டு என்றால், நான் தயார். இரண்டு என்றால், நல்லா விழுந்தது, அடுத்ததுக்குப் போ. மூன்று என்றால், கெட்டுப்போச்சு, பிடுங்கிட்டு மறுபடி அடி. மூன்று குளிர்காலம் அப்படியே ஓடியது. மறுபக்கம் இருப்பவரின் தட்டை நம்பாவிட்டால் இந்த வேலையே நடக்காது. கடைசித் தகட்டை மூடும்போது டெல் வெளியிலிருந்து கத்துவான். "வெளியே வர்றியா, இல்ல உள்ளேயே வச்சு அடைச்சிடட்டுமா?" அவள் உள்ளிருந்து சிரித்துக்கொண்டே நான்கு தட்டுத் தட்டுவாள். நான்குக்கு அர்த்தம் கிடையாது. போடா என்று அர்த்தம்.

டெல் இறந்ததிலிருந்து, பதினேழு மாதமாக, அந்தச் சத்தத்தை அவள் கேட்கவில்லை.

அவள் கண்ணாடி ஓரத்துத் தகட்டில் விரல் கணுவால் ஒரு முறை தட்டினாள். கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். போகட்டுமா?

எஞ்சின் ஒரே சீராக முனகியது. பிறகு, அவளுடைய முதுகெலும்புக்கு நேர் பின்னால், நிதானமாக, இரண்டு தட்டு.

நல்லா இருக்கு. போ.

கோராவுக்கு அழுகை பொங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சந்தோஷ அழுகை. பெட்ரோல் விஷயத்தில் டெல் பொய் சொன்னதே இல்லை. அவள் கைப்பிடியை நேராக வைத்தாள். பாதி வழி பின்னால் போயிற்று.

அதற்குப் பிறகுதான் கனம் ஏறத் தொடங்கியது.

முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சக்கரத்தை முன்னுக்கு உருட்டினாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு மறுபடி எழும்பியது. மறுபடி உருட்டினாள். கடைசி மாதத்து டெல்லின் கனம் அல்ல இது. ஆஸ்பத்திரிக்கு முதன்முதலாகப் போன டெல். பிறகு அதற்கும் முந்தின கோடையின் டெல், பின் இருக்கையில் ஏறினால் விமானமே ஒருமுறை பெருமூச்சு விடும், அந்த டெல். இளைத்ததையெல்லாம் பவுண்டு பவுண்டாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான்.

பெப்பர்மிண்ட் வாடை வந்தது. மருந்தின் குமட்டலுக்கு அவன் எந்நேரமும் கன்னத்தில் ஒதுக்கியிருந்த மிட்டாய். அதற்கு அடியில் வேறொரு வாடை. மூடி வைத்த அறையின் வாடை. தோள் வார் நீளும்போது வரும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் முன்னால் சாய்ந்தால் வரும் சத்தம்.

பிடரி மயிரில் குளிர்ந்த காற்று பட்டது. நின்றது. பட்டது.

"டெல்," என்றாள். "எனக்குப் பெட்ரோல் பத்தாதுப்பா. இறங்கிக்கோ. ஜூனி காத்திட்டிருக்கா."

ஒரு தட்டு.

நான் தயார்.

சக்கரம் கடைசிவரை போய் முட்டி நின்றது. இனி கைப்பிடியை வெறுங்கையால் முன்னுக்கு அழுத்திப் பிடித்தாக வேண்டும். விட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும். தோள் எரிந்தது. இலக்கங்கள் இறங்கின. ஹிலோ திரையில் கிட்டே வந்தது, ஆனால் பெட்ரோல் அதைவிட வேகமாகப் போயிற்று. சூரியன் எதிரே வந்துவிட்டது. இப்போது நிழல் பின்னால் விழும். நல்லவேளை. பார்க்க வேண்டியதில்லை.

மேலே போன பெரிய பயணிகள் விமானம் ஒன்றை ரேடியோவில் கூப்பிட்டாள். அதன் விமானி நிதானமாகப் பேசினான்.

"அம்மா, உங்களுக்குத் தெற்கே ஒரு சரக்குக் கப்பல் போகுது. எஞ்சின் ஓடும்போதே அது பக்கத்துல தண்ணியில இறங்கிடுங்க. தனியாத்தான் இருக்கீங்களா?"

கோரா பதில் சொல்ல வாயெடுத்தாள். ரேடியோப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"கேக்குதா அம்மா? விமானத்துல எத்தனை பேர்?"

"ஒருத்தர்," என்றாள்.

மூன்று தட்டு. பலமாக. கண்ணாடிக் கூண்டு அதிர்ந்தது.

அவள் தெற்கே திருப்பினாள். மூன்று தட்டு. மேகத்துக்குள் இறங்கினாள். வெள்ளை. ஈரம். மூன்று தட்டு. மூன்று. மூன்று. கெட்டுப்போச்சு. பிடுங்கு. மறுபடி அடி. எஞ்சின் இருமியது. நின்றது. மூக்கில் சுழன்ற காற்றாடி ஒற்றைக் கத்தியாக எதிரே நின்றது. அந்த நிசப்தத்தில் பின்னால் மிட்டாய் பல்லில் உருளும் சத்தம்.

மேகத்துக்குக் கீழே கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. கப்பல் இருந்தது. அவள் இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தினாள். தண்ணீர் பாறைபோல் அடித்தது.

எஞ்சின் கனத்தால் இந்த மாதிரி விமானம் மூக்கு குத்தித்தான் முழுகும். வெறும் டாங்க்குகள் மிதவை மாதிரி அதைக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆரின் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஆரின் திணித்த படகை ஊதி விரித்து, அதில் விழுந்து கிடந்த கோரா பார்த்தாள். வால்தான் முதலில் போயிற்று. அவசரமில்லாமல். மூக்கு மெல்ல நிமிர்ந்து, காற்றாடி வானத்தைப் பார்த்து நின்று, எதையோ மடியில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல் பின்னோக்கிச் சாய்ந்து இறங்கியது.

கப்பல்காரர்கள் கயிறு வீசினார்கள். ரெனாட்டோ என்ற பிலிப்பைன்ஸ்காரர் அவளைத் தூக்கி எடுத்து, கம்பளி போர்த்தி, இஞ்சி போட்ட கஞ்சி கொடுத்தார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன அறையில் படுக்க வைத்தார்.

"மேலே வேற அறை இல்லையா?"

"எல்லாத்துலயும் ஆளுங்க இருக்காங்கம்மா. இங்கதான் ஆட்டம் கம்மி. தூங்குங்க. பொண்ணுக்குச் சொல்லியாச்சு."

"சுவர்ல சத்தம் வருமா?"

அவர் சிரித்தார். "கிழட்டுக் கப்பல். அது பாட்டுக்கு ஏதாவது முனகும். காதுல வாங்காதீங்க."

கதவு சாத்தப்பட்டது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த இரும்புச் சுவர் படுக்கையை ஒட்டி வியர்த்திருந்தது. அந்தப் பக்கம் கடல். அவள் கண்ணை மூடவில்லை.

தலைமாட்டில், வெளியிலிருந்து, ஒரு தட்டு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காதைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவள் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கும் அமைதி. பழக்கமான அமைதி.

கை தானாக எழுந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது தன் கைதான். விரல் கணு ஈர இரும்பில் இரண்டு முறை தட்டியது.

அடுத்த தட்டு கொஞ்சம் தள்ளி விழுந்தது. ஒரு ரிவிட்டுக்கும் அடுத்த ரிவிட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரம், சரியாக. அவள் கை பதில் தட்டியது. பிறகு அடுத்தது. தோளருகே. இடுப்பருகே. கால்மாட்டில் திரும்பி, கதவு இருந்த சுவரில். ஒரே வரிசையாக, பிசகாமல், படுக்கையைச் சுற்றி, ஒரு தகட்டை மூடிக்கொண்டு வருவதுபோல.

அவள் நான்கு தட்டுத் தட்டப் பார்த்தாள். கை கேட்கவில்லை. அது இரண்டு இரண்டாகத்தான் தட்டிக்கொண்டிருந்தது.